விண்டோஸ் 11க்கு மாற ஒன்டிரைவா, ஹார்ட் டிஸ்க்கா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புது லேப்டாப் வாங்கியவர்கள் பழைய கணினியில் உள்ளவற்றை அதற்கு மாற்ற முன்னால் இருப்பவை இரண்டு வழிகள்.

விண்டோஸ் பேக்கப் செயலி சோம்பேறிகளுக்கு வரம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் போதும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களோடு வைஃபை பாஸ்வேர்டு, மொழி அமைப்புகளும் ஒன்டிரைவ் என்னும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம் வழியாக வந்து சேரும். ஆனால் இலவச இடம் 5 ஜிபிதான். சிங்கப்பூர் லிட்டில் இந்தியா தீபாவளி ஒளியூட்டில் எடுத்த வீடியோக்களே அதை நிரப்பிவிடும், அப்புறம் சந்தாதான்.

சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் சந்தாவும் வேண்டாம், இணையமும் வேண்டாம். படங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சிக்கல் அமைப்புகளில். குரோமின் விவரங்கள் ஆப்டேட்டா என்னும் மறைந்த ஃபோல்டரில் கிடக்கின்றன. அதை அப்படியே நகலெடுத்தாலும் பாஸ்வேர்டுகள் புதுக் கணினியில் திறக்காது, பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை அவை. புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் குரோமிலிருந்தே தனிக் கோப்புகளாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பாஸ்வேர்டு கோப்பை யாரும் திறந்து படிக்கலாம் என்பதால், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள்கள் இரண்டு வழியிலும் வராது. மறுபடி நிறுவத்தான் வேண்டும்.