லேபிள் இல்லாத கண்ட்ரோலர்: நிறமா, மீட்டரா, ஸ்க்ரூ டிரைவரா?

கையளவு அலுமினியப் பெட்டி. மின் வண்டியின் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் நின்று மோட்டாரை ஓட்டும் கண்ட்ரோலர். ஒரு முனையில் வால் மாதிரி இருபத்துச் சொச்சம் ஒயர்கள். ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப்போய் ‘48’ என்ற எண் மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய மின் ஸ்கூட்டரில் இருந்தது. பெடல் வைத்த, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, பதிவு எண் தேவைப்படாத வகை. வண்டியை விற்ற கடை மூடியாகிவிட்டது. “தம்பி, வேற ஒரு ஹப் மோட்டார் கிடைச்சிருக்கு. இதோட சேர்த்து ஓட்ட முடியுமா பாரேன்” என்று கொடுத்துவிட்டுப் போனார். ஹப் மோட்டார் என்றால் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்.

எந்த ஒயர் எதற்கு என்று கண்டுபிடிக்க நாலு வழி சொல்வார்கள்: நிறத்தைப் பார்த்து முடிவு கட்டுவது, மல்டிமீட்டரால் அளப்பது, பெட்டியைத் திறந்து போர்டைப் பார்ப்பது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரைபடத்தோடு வரும் புதியதை வாங்குவது. இவற்றில் எது எங்கே உதவும், எங்கே கழுத்தறுக்கும் என்பதுதான் விஷயம்.

நிறம் பாதி தூரம் ஒழுங்காகவே கூட்டிப்போகும். தடித்த சிவப்பும் கறுப்பும் பேட்டரிக்கு. தடித்த மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் மோட்டாரின் ஃபேஸ்கள், அதாவது மோட்டாரைச் சுற்றவைக்கும் மின்சாரம் போகும் மூன்று வழிகள். அதே மூன்று நிறங்கள் மெல்லிசாக, சிவப்பு கறுப்போடு சேர்ந்து ஒரே கப்ளரில் (மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் இணைப்பு) வந்தால் ஹால் சென்சார், மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்வது. சீனத் தயாரிப்புகளில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். சிக்கல் மெல்லிய சிவப்பில் ஆரம்பிக்கிறது. ஒரு கப்ளரில் அது 5 வோல்ட். இரண்டு அங்குலம் தள்ளி இன்னொரு கப்ளரில் அதே சிவப்பு நேராகப் பேட்டரி வோல்டேஜ். 48 வோல்ட் என்று விற்கும் 13 செல் லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட் காட்டும். அதைக் கொண்டுபோய் 5 வோல்ட் ஹால் சென்சாரில் கொடுத்தால், அப்புறம் மோட்டாரைப் பிரித்து சென்சாரை மாற்றும் வேலைதான். வெள்ளை ஜோடி இன்னொரு குழப்பம். ஒரு கண்ட்ரோலரில் அது கற்கும் ஒயர் (இரண்டையும் சேர்த்தால் மோட்டாரின் இணைப்பு வரிசையைக் கண்ட்ரோலர் தானே கற்றுக்கொள்ளும்), இன்னொன்றில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயர்.

ஆகவே தடித்த ஐந்து ஒயருக்கும் ஹால் கப்ளருக்கும் நிறம் போதும். மீதிக்கு மீட்டர்.

மீட்டரின் முதல் லாபம், பேட்டரி மாட்டாமலேயே பெட்டி செத்ததா உயிரோடிருக்கிறதா என்று சொல்லிவிடும். மீட்டரை டையோடு சோதனையில் வைத்து, அதன் சிவப்பு முனையைப் பேட்டரிக் கறுப்பு ஒயரிலும், கறுப்பு முனையை மூன்று ஃபேஸ்களிலும் மாறி மாறித் தொட்டேன். மூன்றிலும் அரை வோல்ட் அளவில், கிட்டத்தட்ட ஒரே எண் வந்தது. ஏதாவது ஒன்றில் பூஜ்யம் வந்திருந்தால் உள்ளே மாஸ்ஃபெட் (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் மாதிரியான சிப்) ஷார்ட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெட்டியின் ஒயர்களுக்கு ஜாதகம் பார்க்க வேண்டியதே இல்லை.

அடுத்து, தடித்த சிவப்போடு கண்டினியூட்டி காட்டும், அதாவது உள்ளே அதோடு நேராக இணைந்திருக்கும் மெல்லிய ஒயர் எது என்று தேடினேன். இரண்டு முனைக் கப்ளர் ஒன்றில் கிடைத்தது. அதன் பக்கத்து ஆரஞ்சு ஒயர்தான் சாவிக்குப் போவது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் உள்ளே 5 வோல்ட் பிறக்கும். இது தெரியாமல், மின்சாரம் கொடுத்தும் எங்கும் எதுவும் வரவில்லை என்று நல்ல பெட்டியைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. பழுப்பு ஒயர் ஒன்று மஞ்சள் ஃபேஸோடு கண்டினியூட்டி காட்டியது. அது ஸ்பீடோமீட்டருக்கு.

பேட்டரியை நேராக மாட்டாதீர்கள். மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸில் 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டேன். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு மங்கலாகச் சிவந்து நிற்கும், ஒரு ஆம்பியருக்கு மேல் போகவிடாது. சரியாக இருந்தால், உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டர் நிறையும்போது கண் சிமிட்டும் நேரத்துக்கு இழை சிவந்து அணைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்தக் கப்பாசிட்டரில் சார்ஜ் தங்கும். அதே பல்பைக் குறுக்கே தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைப்பேன்.

பிறகு சாவி ஒயர் ஜோடியைச் சேர்த்து, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் நிறுத்தி, ஒவ்வொரு ஒயராக அளந்தேன். ஹால் கப்ளரின் மூன்று சிக்னலும் 5 வோல்ட்டை ஒட்டி நின்றன, சென்சார் இல்லாதபோது உள்ளிருக்கும் ரெசிஸ்டர் மேலே இழுத்து வைப்பதால். மூன்று முனைக் கப்ளர்கள் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல: சிவப்பில் 5, கறுப்பில் 0. மூன்றாவது ஒயரில்தான் வேறுபாடு. ஒன்றில் பூஜ்யம், அது த்ராட்டில் (வேகம் கூட்ட முறுக்கும் கைப்பிடி). இன்னொன்றில் 5, அது பெடல் சென்சார். பெரும்பாலான கண்ட்ரோலர்களில் இந்தக் கணக்கு பொய்க்காது. உறுதி செய்ய த்ராட்டிலை மாட்டிப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 0.8 வோல்ட், முழுக்க முறுக்கினால் 4-ஐ நெருங்கியது. இரண்டு முனைக் கப்ளரில் ஒன்று 0, மற்றது 5 என்றால் பெரும்பாலும் பிரேக்காக இருக்கும். பிரேக் என்றால், இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்ததும் மோட்டார் நிற்கும்.

பெட்டியைத் திறக்கும் வழியைப் பலர் முதலிலேயே எடுக்கிறார்கள். எனக்கு அது கடைசி. முன்பு ஒரு பெட்டியில் சாவி ஒயர் ஜோடி இல்லாமல் தனியாக வந்திருந்தது. எது என்று பார்க்க மெல்லிய ஒயர்களில் ஒவ்வொன்றாக 48 வோல்ட்டைத் தொட்டுப் பார்ப்பது தற்கொலை. அங்கே ஸ்க்ரூ டிரைவர்தான் ஜெயித்தது. 5 வோல்ட் ரெகுலேட்டர் சிப்பிலிருந்து பின்னோக்கிப் போனால் சாவி ஒயர் பற்றவைத்திருக்கும் இடம் வந்துவிடும். ஹால் ஒயர்கள் ஏறும் இடத்தில் எச்ஏ, எச்பி, எச்சி என்று அச்சிட்டிருக்கும். பெரிய கப்பாசிட்டரில் 63 வோல்ட் என்றிருந்தால் 48 வோல்ட் வகை என்று ஊகிக்கலாம், 100 என்றிருந்தால் 60 அல்லது 72. ஆனால் சிலிகான் பசையைச் சுரண்டவே ஒரு மணி நேரம் போகும். மாஸ்ஃபெட்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவிலுள்ள மெல்லிய காப்புத் தாள் கிழிந்தாலோ நழுவினாலோ, மூடிய பிறகு முதல் முறுக்கிலேயே புகை.

கடையில் கிடைக்கும் கையடக்க டெஸ்டர் ஒன்றும் இருக்கிறது, விளக்குகள் வரிசையாக எரியும். மோட்டாரின் ஹால் வேலை செய்கிறதா என்று பார்க்க அருமையான சாமான். அறிமுகமில்லாத ஒயருக்குப் பெயர் சொல்ல அதனால் ஆகாது.

ஒயர்கள் தெரிந்தபின் மோட்டாரோடு பொருத்துவது தனிக் கதை. ஹாலும் ஃபேஸும் சேர்ந்து 36 விதமாக இணையலாம். அதில் 6-தான் சரி, அந்த ஆறிலும் 3 பின்னோக்கிச் சுற்றும். ஹாலை நிறத்துக்கு நிறம் வைத்து ஃபேஸை மட்டும் ஆறு விதமாக மாற்றினால் ஒன்று சீராக ஓடும். தப்பான இணைப்பில் மோட்டார் உறுமும், கரண்ட் எகிறும், அதனால் த்ராட்டிலை லேசாகத்தான் தொட வேண்டும். தானே கற்கும் ஒயர் இருந்தால் இந்தப் பாடே இல்லை.

ஒரு மாலைக்குள் த்ராட்டில், சாவி, ஹால் மூன்றும் பிடிபடவில்லை என்றால் புதியதை வாங்கிவிடுவதே மேல். டிஸ்ப்ளேயோடு மட்டுமே பேசும் கண்ட்ரோலர் என்றால் மீட்டரை எடுக்கவே வேண்டாம். ஒயர்கள் தெரிந்தாலும், இணையான டிஸ்ப்ளே இல்லாமல் அது கண் திறக்காது.

அண்ணனின் பெட்டியில் வெள்ளை ஜோடி கற்கும் ஒயராகவே அமைந்தது. பல்பை எடுத்துவிட்டு, சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, இரண்டையும் சேர்த்தேன். சக்கரம் பின்னால் சுற்றியது. பிரித்து மறுபடி சேர்த்ததும் முன்னால் சுற்றியது. மிச்சமிருந்த இரண்டு ஊதா ஒயர்களுக்காகப் பெட்டியைத் திறக்கவில்லை. தனித்தனியாக டேப் சுற்றி மடக்கிக் கட்டிவிட்டேன்.