மணிக்கட்டிலிருந்து ராஸ் 2-க்கு: மூன்று வாட்ச், மூன்று வழி

மணிக்கட்டைச் சாய்த்தால் திரையில் ஆமை நகர வேண்டும். டர்டில்சிம் என்ற பயிற்சி மென்பொருளின் ஆமையைத்தான் சொல்கிறேன். ரோபோ மென்பொருள் எழுத உதவும் ராஸ் 2 கட்டமைப்பைக் கற்பவர்கள் முதலில் ஓட்டிப் பார்ப்பது அதைத்தானே. ஸ்மார்ட்வாட்சைக் கொண்டு இதைச் செய்ய மூன்று வழிகளைப் பார்க்கலாம். ராஸ் நோட் (ராஸில் ஒரு வேலையைச் செய்யும் நிரல்) வாட்சில் ஓடுகிறதா, கணினியில் ஓடுகிறதா என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

கேட்க அழகாக இருப்பது மைக்ரோ-ராஸ், அதாவது சின்ன சிப்களில் ஓடும் ராஸ் 2. லில்லிகோ டி-வாட்ச் 2020-இல் இருப்பது ஈஎஸ்பி32 சிப். அதில் மைக்ரோ-ராஸை ஏற்றிவிட்டு, கணினியில் ஏஜென்ட்டை (வாட்சை ராஸோடு இணைக்கும் பாலம்) யுடிபி 8888 போர்ட்டில் ஓடவிட்டால் வாட்சின் டாபிக் (செய்திகள் போகும் பெயரிட்ட தடம்) நேராகப் பட்டியலில் வந்து நிற்கும். அந்தச் சந்தோஷம் சார்ஜ் இருக்கும்வரைதான். வைஃபையில் பேசும்போது ஈஎஸ்பி32 நூறு மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரியோ 400 மில்லிஆம்பியர்-மணியைக்கூட எட்டாது. உள்ளே இருக்கும் பிஎம்ஏ423 வெறும் முடுக்கமானி, சுழற்சியை அளக்கும் ஜைரோ கிடையாது. ஐஎம்யு மெசேஜ் (அசைவு அளவீடுகளைச் சுமக்கும் ராஸ் செய்தி) அனுப்பினால் திசை, கோண வேகம் இரண்டின் கோவேரியன்ஸ் அணியிலும் (அளவீட்டின் நிச்சயமின்மையைச் சொல்வது) முதல் எண்ணை, 'இந்த அளவீடு இல்லை' என்று பொருள்படும் -1 என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் நிரப்பாத பூஜ்யங்களை அடுத்த நோட் நிஜ அளவீடு என்று நம்பிவிடும்.

கூகுளின் வேர் ஓஎஸ் ஓடும் வாட்ச் என்றால் ராஸ்பிரிட்ஜ், அதாவது ராஸுக்கு வெளியே உள்ள ஆப்களை ராஸோடு பேசவைக்கும் கணினிப் பாலம். கோட்லினில் ஒரு சின்ன ஆப் எழுதி, வெப்சாக்கெட் வழியாக 9090 போர்ட்டுக்கு ஜேசன் அனுப்பினால் போதும். ஜைரோ இருக்கும், முடுக்கம் மீ/வி² அலகிலேயே வரும். ஆனால் சென்சார் தரும் நேரம் வாட்ச் பூட் ஆனதிலிருந்து எண்ணிய நானோ நொடி. அதை அப்படியே செய்தியின் ஹெடரில் நேரமாகப் போட்டால் கணினி அதை 1970-இல் வந்த செய்தியாகப் பார்க்கும். போன் பக்கத்தில் இருந்தால் வாட்ச் வைஃபையை விட்டுவிட்டு புளூடூத் வழியே போன் மூலமாகப் பேசும், தாமதம் எகிறும். சோதிக்கும்போது போனின் புளூடூத்தை அணைத்துவிடுவது நல்லது.

மூன்றாவது வாட்சான பேங்கிள்.ஜேஎஸ் 2-இல் ராஸ் என்ற பேச்சே இல்லை. வாட்சில் நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட். முடுக்கமானி பேசும்போதெல்லாம் அதை புளூடூத்தில் ஒரு வரியாக எழுதும். கணினியில் பைதானின் பிளீக் என்ற புளூடூத் நூலகம் அதைப் பிடித்து, ஆர்சிஎல்பை (ராஸ் 2-இன் பைதான் நூலகம்) நோட்டுக்குக் கொடுக்கும். இரண்டுக்கும் தனித்தனி லூப் என்பதால் ஆர்சிஎல்பை-யைத் தனி த்ரெட்டில் சுழலவிட வேண்டும். ஒரே வரி இரண்டு துண்டாகவும் வந்து சேரும், ஆகவே வரி முடியும்வரை சேர்த்து வைத்து அப்புறம்தான் பிரிக்க வேண்டும். மதிப்பு ஜி அலகில் வரும், மீ/வி² ஆக்க 9.80665-ஆல் பெருக்குங்கள். வாட்ச் ஏற்கெனவே போனோடு இணைந்திருந்தால் கணினிக்குக் கிடைக்காது, அதைத் துண்டிக்க வேண்டும்.

பேங்கிளில் இயல்பாக நொடிக்கு 12.5 அளவீடுகள்தான் வரும். ஆமைக்கும், சக்கரம் வைத்த சின்ன ரோபோவுக்கும் அது தாராளம். அதனால் சைகைக் கட்டுப்பாட்டுக்கு நான் எடுப்பது பேங்கிளைத்தான். நோட் கணினியில் இருக்கும்போது பிழை தேடுவதும் அங்கேயே முடிந்துவிடுகிறது. கையின் முழுத் திசையும் வேண்டும், ரோபோக் கையை ஓட்ட வேண்டும் என்றால் வேர் ஓஎஸ். மைக்ரோ-ராஸை மேசை மேல் யுஎஸ்பி செருகிய போர்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும், கட்டளை வராவிட்டால் ரோபோவை நிறுத்த ஒரு டைமர் வையுங்கள். கட்டளை நின்ற ஒரு நொடியில் டர்டில்சிம் ஆமை தானாக நின்றுவிடும். நிஜ ரோபோக்கள் எல்லாமே அப்படி நிற்கும் என்று நம்ப முடியாது. சில, கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.