ஹென்றிக்காக வாங்கலாம்

பாகப்பிரிவினை வழக்குகள் நிறைய வரும் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா நான். அரை சென்ட் நிலத்துக்காக அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போவது தினசரிக் காட்சி. அதனால் ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலின் ஹென்றியை முதலில் நம்பவே முடியவில்லை. தன்னை எடுத்து வளர்த்த சபாபதிப் பிள்ளையின் பூட்டிய வீட்டைத் தேடிக் கிருஷ்ணராஜபுரம் வருகிறான். பிள்ளையின் தம்பி துரைக்கண்ணுவிடம் சொத்துக்காக மல்லுக்கு நிற்கவே இல்லை. அப்பா வாழ்ந்த வீட்டில் இருந்தால் போதுமாம்!

இப்போது கட்சிக்காரர்கள் வந்தால், “அந்த வீட்டில் உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?” என்று கேட்டுவிடுகிறேன். வக்கீலுக்கு இது பிடிப்பதில்லை. சரி, நாவலில் உரையாடல்கள் சில இடங்களில் நீளம்தான். அந்த வீட்டில் அடைக்கலமான மனநிலை சரியில்லாத பெண் பேபி, கடைசியில் வீட்டை விட்டுப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. புத்தகத்தை இரவல் வாங்காமல் சொந்தமாக வாங்கிவிடுங்கள்.