மங்கலாக எரியும் சார்ஜ் விளக்கும் என் டைனமோ வண்டியும்

டைனமோ (எஞ்சினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர்) வைத்த பழைய கார் ஓட்டுகிறவர்களுக்கு டேஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு நன்றாகத் தெரியும். சாவியைத் திருப்பினால் எரிய வேண்டும், எஞ்சின் வேகம் பிடித்ததும் அணைய வேண்டும். என் வண்டியில் அது முழுதாக எரியவும் இல்லை, அணையவும் இல்லை. பகலில் கண்ணுக்கே படாது. இருட்டிய பிறகு ஹெட்லைட்டைப் போட்டால் தணல் மாதிரி மங்கலாகத் தெரியும். வைப்பரையும் போட்டால் இன்னும் கொஞ்சம் சிவக்கும். பேட்டரியும் ஒரேயடியாகச் செத்துப்போகாது, மெல்ல மெல்ல இறங்கும். அப்புறம் ஒரு நாள் காலையில் செல்ஃப் முனகும். மற்றபடி குறை சொல்ல முடியாத இந்த வண்டியில் என்னைப் பாடாய்ப் படுத்தியது இது ஒன்றுதான்.

காட்டிய இடத்தில் எல்லாம் முதலில் கைவைத்தது டைனமோவில்தான். ஒரு பட்டறையில் அதைக் கழற்றி, கம்யூட்டேட்டரை (கார்பன் பிரஷ் உரசும் செம்புப் பகுதி) கடைசல் பிடித்து, கார்பன் பிரஷ் மாற்றி, புது பெல்ட்டும் போட்டுக் கொடுத்தார்கள். விளக்கு அப்படியேதான் எரிந்தது. அடுத்து பேட்டரி சரியில்லை என்றார்கள். வேலை சுத்தமாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அந்த டைனமோ இன்று வரை ஒரு தொந்தரவும் தந்ததில்லை. ஆனால் கெடாத பொருளுக்கு வைத்தியம் பார்த்து என்ன பிரயோஜனம்? மீட்டரை எடுத்து ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் இவ்வளவும் வேண்டியிருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டைனமோவைக் கழற்றாமலேயே சோதிக்கலாம். டி (கரண்ட் வெளியே வருவது), எஃப் (உள்ளே காந்தப்புலம் தரும் ஃபீல்டு காயிலுக்குப் போவது) என்ற இரண்டு வயரையும் பிடுங்கிவிட்டு, டைனமோவின் அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுங்கள். அதற்கும் டைனமோ பாடிக்கும் நடுவே வோல்ட்மீட்டரை வைத்து, ஐட்லிங்கிலிருந்து மெதுவாக ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள். முள் தடங்கலில்லாமல் ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது. 20 வோல்ட் தொட்டதும் காலை எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் முறுக்கக் கூடாது. அரை வோல்ட், ஒரு வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு காயிலைப் பார்க்கலாம். நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மெச்சர், அதாவது உள்ளே சுழலும் காயில். எதுவுமே காட்டாவிட்டால் முதல் சந்தேகம் பிரஷ் மேல். என் வண்டியில் முள் விறுவிறுவென்று ஏறியது.

அப்படியானால் விளக்கு ஏன் எரிகிறது? அதன் ஒரு முனை இக்னிஷன் சுவிட்ச் வழியாகப் பேட்டரிக்குப் போகிறது, மறுமுனை டைனமோவின் டி முனைக்கு. இரண்டு பக்கமும் வோல்ட் சமமாக இருந்தால் அது எரிய வழியே இல்லை. வேகமாக ஓடும்போதும் எரிகிறது என்றால் நடுவே எங்கோ வோல்ட் தொலைகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டியில், டைனமோவிலிருந்து வரும் டி முனைக்கும் பேட்டரி பக்கம் போகும் ஏ முனைக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றரை வோல்ட் காட்டியது. அப்போது 15 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் அந்த ஒரே இடத்தில் 22 வாட்டுக்கு மேல் சூடாகிறது. எஞ்சினை நிறுத்தி மூடியைத் திறந்தேன். டைனமோ சார்ஜ் தராதபோது பேட்டரி கரண்ட் அதற்குள் திரும்பிப் போகாமல் துண்டித்துவிடும் சுவிட்சுக்குக் கட்-அவுட் என்று பெயர். அதன் காண்டாக்ட் இரண்டும் கருகி, முகத்தில் குழி விழுந்திருந்தன.

இதில் ஒரு கொடுமை உண்டு. இந்த வகைப் பெட்டியில் ரெகுலேட்டர் அளந்து பார்ப்பது டைனமோ பக்கத்து வோல்ட்டைத்தான். அங்கே 14 வோல்ட்டுக்கு மேல் இருப்பதால் எல்லாம் சரி என்று அது சும்மா இருந்துவிடும். கட்-அவுட்டுக்கு அந்தப் பக்கம் பேட்டரிக்குக் கிடைப்பதோ 12.7. முழுச் சார்ஜில் சும்மா இருக்கும் பேட்டரியே 12.6 காட்டும். பிறகு எப்படி அது நிரம்பும்?

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மெல்லிய கண்ணாடித் தூள் உப்புத்தாளால் காண்டாக்டுகளைத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தேன். கட்-அவுட்டில் எமரி தாளைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே இருப்பது மெத்தென்ற உலோகம், எமரித் துகள் உள்ளே பதிந்து திரும்பவும் கருகும். அதோடு, பெட்டியின் எர்த் முனையையும் பளிச்சென்று சுரண்டி முடுக்குங்கள். அது மோசமானால் ரெகுலேட்டருக்கு அளவு தெரியாமல் போய் பேட்டரி கொதிக்கும்.

விளக்கு சுத்தமாக அணைந்துவிட்டது. கையில் ஒரு மீட்டரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தால் முழுக் கோளாறையும் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடிகிறது என்பது இந்தப் பழைய அமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். எதுவும் மூடி முத்திரை வைத்ததில்லை.

இருந்தாலும், டைனமோவை எடுத்துவிட்டு அதற்குப் பின் வந்த புது வகை ஜெனரேட்டரான ஆல்டர்னேட்டருக்கு மாறலாமா என்று இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் நண்பர் கேட்டபோது மாற்றிவிடு என்றுதான் சொன்னேன். அவர் இரவில் அதிகம் ஓட்டுகிறவர். டைனமோ ஐட்லிங்கில் ஒன்றும் தராது. 1960-இல் கிரைஸ்லர் வேலியன்ட் காரில் வந்த ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கிலேயே சார்ஜ் தந்தது. அதைவிட முக்கியம், கரண்ட் பேட்டரியிலிருந்து திரும்பிப் போவதை, ஒரே திசையில் மட்டும் கரண்ட் விடும் டயோடே தடுத்துவிடுவதால் கட்-அவுட் என்ற ஒன்றே அதில் தேவையில்லை. வண்டி பாசிட்டிவ் எர்த்தாக (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்ததாக) இருந்தால் மட்டும் முதலில் நெகட்டிவுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் டயோடு போய்விடும். பழைய சார்ஜ் வயரையும் 30 ஆம்பியர் அம்மீட்டரையும் அப்படியே விட்டால் புது ஆல்டர்னேட்டரின் கரண்டை அவை தாங்காது.

என் வண்டியில் இப்போதைக்கு டைனமோதான். அந்தக் காண்டாக்ட் இன்னொரு தடவை கருகினால் நானும் மாற்றிவிடுவேன்.