தானே பதில் சொல்லும் ஏஐயா, அக்கா கையில் இருக்கும் ஏஐயா?

2025 ஆனித் தேரோட்டம் முடிந்த வாரம் எங்கள் கடை வாட்ஸ்அப்பில் சாட்பாட் பேச ஆரம்பித்தது. ஐப்பசி மழையில் அதை நிறுத்தினேன். இப்போது வேறு ஏற்பாடு ஓடுகிறது. ‘நாமளும் ஏஐ போடலாமா அண்ணாச்சி’ என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன். நான் இரண்டாவதின் பக்கம், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடை திருநெல்வேலி டவுணில். கருப்பட்டி, பனங்கற்கண்டு, கல்லிடைக்குறிச்சி அப்பளம், பாக்கெட் மிக்சர், சேவு. வாட்ஸ்அப் ஆர்டர் நாளைக்கு அறுபது, எழுபது வரும். பாதி சென்னை, பெங்களூருக்காரர்கள், எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள்.

முதல் வகையில் சாட்பாட்டே கேட்டு, விலை சொல்லி, பணம் வாங்கி, ஆர்டரை முடித்துவிடும். நாம் பார்சல் கட்டினால் போதும். இரண்டாவதில் வாடிக்கையாளருக்கு ஏஐ ஒரு வார்த்தைகூடப் பேசாது. வந்த மெசேஜையும் வாய்ஸையும் படித்து பொருள், எடை, முகவரி, பின்கோடு எல்லாம் நிரப்பி ஒரு வரைவு பில் போட்டு வைக்கும். பில் போடுகிற அக்கா பார்த்துத் திருத்தி அனுப்புவார்.

செலவு, வேகம் இரண்டிலும் சொல்ல அதிகம் இல்லை. முதல் வகை மாதச் சந்தாவில் கூடுதல். வாடிக்கையாளர் கடைசியாகப் பேசி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், வாட்ஸ்அப்பிடம் முன்அனுமதி வாங்கிய மெசேஜைத்தான் அனுப்ப முடியும், அதற்குத் தனிக் காசு. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குத் துபாயிலிருந்து ஒருவர் கேட்டாலும் அந்த நொடியே பதில் போகும். அக்கா அப்போது தூங்கிக்கொண்டிருப்பார். இதில் சாட்பாட்டுக்குத்தான் முழு மார்க்.

என்னைத் திருப்பியது பராமரிப்பு. சாட்பாட்டை வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. அதற்குக் கடையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நாம் எழுதிக் கொடுத்த கேள்வி-பதில் தாள்தான். கடையோ தினம் மாறுகிறது. கருப்பட்டி காய்ச்சுகிற பதநீர் கோடையோடு சேர்ந்த சமாச்சாரம். ஆடி தாண்டினால் வரத்து குறைந்து சிப்பம் (கருப்பட்டிக் கட்டு) விலை ஏறும். ஆவணியில் ஏறிய விலையை டேலியில், அதாவது பில் போடும் கணக்கு சாப்ட்வேரில், மாற்றினோம், சாட்பாட்டில் மாற்ற மறந்துவிட்டோம். அது ஆனி விலையையே சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தது. கவனிப்பதற்குள் 14 பேர் பணம் போட்டுவிட்டார்கள். கிலோவுக்கு 60 ரூபாய் எங்கள் தலையில்.

‘அது சாட்பாட் சொன்ன விலை’ என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியுமா? ஏர் கனடா விமான நிறுவனம் சொல்லிப் பார்த்தது. துக்கப் பயணச் சலுகையைப் பற்றி அதன் சாட்பாட் ஒரு பயணிக்குத் தப்பாகச் சொல்லியிருந்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம், சாட்பாட் சொன்னாலும் நிறுவனம்தான் பொறுப்பு என்று நஷ்டஈடு கொடுக்க வைத்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால் நம் கடை எம்மாத்திரம்.

விலையோடு முடியவில்லை. செப்டம்பர் 22 அன்று பாக்கெட் மிக்சர், சேவுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அக்கா டேலியில் அன்றைக்கே மாற்றிவிட்டார். சாட்பாட்காரருக்கு மெயில் போட்டு மூன்று நாள் காத்திருந்தோம். கூரியர் லீவு, சரக்கு தீர்ந்தது, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆள் வேலையைக் குறைக்க வாங்கிய சாட்பாட்டுக்குச் சோறூட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது.

தாளில் பதில் இல்லாவிட்டால் அது சும்மா இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இருக்காது, பொருத்தமாகத் தோன்றுகிற வார்த்தைகளைக் கோத்துவிடும். ‘இது உடன்குடிக் கருப்பட்டியா?’ என்று கேட்ட எல்லாருக்கும் ‘ஆம்’ என்றது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அந்தப் பெயரை எல்லாச் சரக்குக்கும் ஒட்ட முடியாது. எங்களிடம் ராமநாதபுரம் பக்கத்துச் சரக்கும் உண்டு. இன்னொருவர் சர்க்கரை நோய்க்காரர் சாப்பிடலாமா என்று கேட்க, தாராளமாகச் சாப்பிடலாம் என்றிருக்கிறது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அக்காவாக இருந்தால் ‘டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க’ என்று முடித்திருப்பார்.

கடைசியாக ஒரு வாய்ஸ் மெசேஜ். பெங்களூர் ஆச்சி ஒருவர்: ‘அண்ணாச்சி, போன தடவ அனுப்புனீயள்லா, அதையே முக்கா கிலோ போடுங்க, இளகாம பாத்து அனுப்புங்க.’ சாட்பாட் மூன்று கிலோவுக்கு லிங்க் அனுப்பியது. வெளியே அடைமழை, ஈரக்காற்றில் கருப்பட்டி இளகிக்கொண்டிருந்தது. அக்கா அந்த ஆச்சிக்குப் போன் போட்டு, ‘மழை வெறிக்கட்டும் ஆச்சி, அடுத்த வாரம் அனுப்புதேன்’ என்றார். அன்றைக்கு ராத்திரியே சாட்பாட்டை அணைத்தேன்.

புது ஏற்பாட்டிலும் ஏஐ தப்பு செய்கிறது. ‘பாளை’ என்றால் பாளையங்கோட்டை, 627002 என்று முதலில் அதற்குத் தெரியவில்லை. ஆனால் தப்பு கல்லாவோடு நின்றுவிடுகிறது, வாடிக்கையாளர் வரை போவதில்லை. விலையை டேலியிலிருந்தே எடுக்கிறது, இரண்டு இடத்தில் மாற்றும் வேலை இல்லை. மற்றதெல்லாம் அக்கா தலையில் இருக்கிறது. ஒரு ஆர்டருக்கு நாலைந்து நிமிஷம் ஆனது, இப்போது ஒன்றரைதான். முகவரி தட்டுகிற தொல்லை போனதே பெரிய விஷயம்.

அக்காவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ‘எனக்கு வேல இருக்கா, சொல்லிருங்க’ என்று நேராகவே கேட்டார். இப்போது ஏஐயைத் திருத்துவதே அவர்தான். ‘சில்லு’ என்றால் சில்லுக்கருப்பட்டி, ‘டவுண்’ என்றால் நம்ம டவுண் 627006, ‘அரை’ என்றால் அரைக் கிலோ, அரைச் சிப்பம் இல்லை என்று கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்து வாரம் ஒருமுறை அதில் ஏற்றுகிறார். வம்பு என்னவென்றால், அவர் லீவு போட்டால் அன்றைக்கு நான் திணறுகிறேன். முதல் வகையில் இந்தப் பிரச்சினை கிடையாது.

நாளைக்கு ஐந்நூறு ஆர்டர் வருகிற கடைக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், அந்த அளவில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. வருஷம் முழுக்க ஒரே விலை, பத்தே பொருள் என்றால் சாட்பாட் ஒத்துவரலாம். ‘என் பார்சல் எங்கே’ என்ற கேள்விக்கு அது நன்றாகவே பதில் சொன்னது. அதற்கு மட்டும் ஒரு சின்ன பிளான் இருக்கிறதா என்று பழைய சாட்பாட்காரரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் விலை சொல்லவில்லை.