விதையா, ஒட்டா, பதியனா? பழமரக் கன்று எடுக்குமுன்

முழங்கால் உயரத்தில் மூன்று கொய்யாக் கன்றுகளை வரிசையாக வைத்தால், எது விதையில் முளைத்தது, எது பதியன், எது ஒட்டு என்று சட்டெனச் சொல்வது கடினம். நட்டு ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் மூன்றும் மூன்று விதமாக நிற்கும். கன்று வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ரகத்தின் பெயரை மட்டும் கேட்கிறார்கள். அந்தக் கன்று எப்படி உருவாக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். எத்தனை ஆண்டில் காய்க்கும், எவ்வளவு உயரம் போகும், பலத்த காற்றைத் தாங்குமா என்பவை அந்தப் பதிலைப் பொறுத்தவை.

விதைக்கன்று

ஆழமாக இறங்கும் ஆணிவேர்தான் இதன் பெரிய பலம். வறட்சியைத் தாங்கும், காற்றில் சாயாது, நீண்ட காலம் வாழும். ஆனால் காத்திருக்க வேண்டும். மா 5 முதல் 8 ஆண்டு எடுக்கும், பலாவும் சப்போட்டாவும் ஏறக்குறைய அப்படித்தான். கொய்யாவுக்கு மூன்று, நான்கு ஆண்டு போதும்.

பழம் தாய்மரத்தைப் போல இருக்குமா என்பதுதான் அடுத்த சிக்கல். பெரும்பாலான பழமரங்களில் விதை அயல் மகரந்தம் சேர்ந்து உருவாவதால், இனித்த பழத்தின் விதை புளித்த பழத்தைத் தரலாம். மாவில் இது ரகத்துக்கு ரகம் மாறும். அல்போன்சா, நீலம், பங்கனப்பள்ளி ஆகியவற்றின் கொட்டையில் ஒரே கரு இருக்கும், அதில் வரும் கன்று தாயைப் போல இருக்கும் என்று நம்பக்கூடாது. குருக்கன், ஒலூர், நாம் டோக் மாய் போன்றவற்றின் கொட்டையில் பல கருக்கள் உண்டு. ஒரு கொட்டையிலிருந்து இரண்டு, மூன்று தளிர்கள் எழும்பும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே வந்தவை என்பதால் பழமும் மாறாது. கூட்டத்தில் நோஞ்சானாக நிற்கும் தளிரையும், மற்றவற்றிலிருந்து இலையிலோ வளர்ச்சியிலோ தனித்துத் தெரியும் தளிரையும் கிள்ளிவிட வேண்டும். மகரந்தம் சேர்ந்து உருவானது பெரும்பாலும் அவற்றில் ஒன்றாக இருக்கும். எலுமிச்சை விதையும் இதே பல்கரு வகை, அதனால்தான் விதையில் வளர்த்தாலும் ரகம் கெடுவதில்லை.

மாங்கொட்டை, பலாக்கொட்டை, எலுமிச்சை விதை மூன்றும் காய்ந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும். பழம் சாப்பிட்ட சில நாட்களுக்குள் விதைப்பது நல்லது. மாங்கொட்டையின் ஓட்டை நீக்கிவிட்டு உள்பருப்பை மட்டும் விதைத்தால் சீக்கிரம் முளைக்கும், தளிர் வளைந்து சிக்கிக்கொள்ளாது. விதைக்கன்றை நம்புவதானால் மரம் நிற்கப்போகும் இடத்திலேயே விதைப்பதுதான் சரி. பையில் ஓராண்டு வளர்ந்த ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும், பிறகு எந்த அனுகூலத்துக்காக விதையைத் தேர்ந்தெடுத்தோமோ அதுவே போய்விடும்.

ஒட்டுக்கன்று

ஒட்டில் இரண்டு செடிகள் ஒன்றாக வாழ்கின்றன. கீழே விதையில் முளைத்த வேர்ச்செடி, மேலே நாம் விரும்பும் ரகத்தின் ஒட்டுக்குச்சி. குச்சி ஏற்கெனவே காய்த்த மரத்திலிருந்து வருவதால், பூக்கும் வயதை அது எட்டிவிட்டது. மா ஒட்டு முதலாண்டிலேயே பூ விடுவது இதனால்தான். அந்தப் பூவைப் பார்த்து மகிழ்ந்து விட்டுவைப்பது தவறு. கன்றின் உணவு முழுக்கப் பிஞ்சுக்குப் போய்விடும், கிளை கட்டாது. முதல் இரண்டு, மூன்று ஆண்டு பூங்கொத்துகளைக் கிள்ளிவிடுங்கள்.

வேர்ச்செடி மரத்தின் உயரத்தையும் தீர்மானிக்கக்கூடும் என்பதற்கு ஆப்பிள் தெளிவான உதாரணம். எம் 9 வேர்ச்செடியில் ஒட்டிய மரம் குட்டையாக நிற்கும், ஆனால் வேர் வலுவற்றது என்பதால் ஆயுள் முழுக்க முட்டுக்கம்பு வேண்டும். அதே ரகத்தை எம்எம் 106-இல் ஒட்டினால் நடுத்தர உயரம் போகும். மாவில் உயரத்தைக் கட்டுப்படுத்த வேர்ச்செடியை நம்புவதைவிட ஆண்டுதோறும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வதே கைகொடுக்கும்.

வாங்கும்போது முதலில் தேட வேண்டியது ஒட்டு இணைந்த இடம். தண்டில் ஒரு சிறு முடிச்சு அல்லது வளைவு தெரிய வேண்டும், அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறம் சற்று மாறியிருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் தண்டு ஒரே சீராக இருந்தால் அது விதைக்கன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இணைப்பில் வெடிப்பு இருக்கக்கூடாது. சுற்றிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால், நடும்போதே பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். விட்டால் தண்டு பருக்கும்போது அது உள்ளே இறங்கி நெரிக்கும், இரண்டாம் ஆண்டில் அந்த இடத்திலேயே முறியும். சிறிய பையில் ஆளுயரம் நிற்கும் கன்றைவிட இரண்டடிக் கன்று மேல். நெட்டைக் கன்றின் வேர் பைக்குள் வட்டமடித்திருக்கும், நட்ட பிறகும் வெளியே பரவத் தயங்கும்.

வீட்டுத் தோட்டங்களில் ஒட்டுமரம் கெட்டுப்போகும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, இணைப்பை மண்ணுக்குள் புதைப்பது. அது தரைக்கு மேல் தெளிவாகத் தெரிய வேண்டும், பின்னால் மண் அணைக்கும்போதும், சருகு பரப்பி மூடாக்கு போடும்போதும் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட வேண்டும். புதைந்தால் இணைப்பு அழுகும், இல்லாவிட்டால் மேல்தண்டே வேர்விட்டு, வேர்ச்செடியால் கிடைத்த பயன் போய்விடும். இரண்டாவது, இணைப்புக்குக் கீழே கிளம்பும் தளிர். அது வேர்ச்செடியின் தளிர், மேல்ரகத்தைவிட வேகமாக ஓடி இரண்டே ஆண்டில் மரத்தைக் கைப்பற்றிவிடும். "இனித்த மரம் திடீரென்று புளிக்கிறது" என்று சொல்பவர்களின் மரத்தடியைப் பார்த்தால் பெரும்பாலும் கதை இதுதான். இலந்தையில் கீழ்த்தளிர் சிறு இலையும் கூடுதல் முள்ளுமாக வரும். மூவிலை ஆரஞ்சில் ஒட்டிய நாரத்தைக் குடும்பச் செடிகளில், கீழ்த்தளிரின் ஒவ்வொரு இலையும் மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். தளிர் இளசாக இருக்கும்போதே விரலால் பிய்த்தெடுத்தால் அடி மொட்டும் சேர்ந்து வந்துவிடும். கத்தரித்தால் அங்கிருந்தே மீண்டும் முளைக்கும்.

பதியன்

காய்க்கும் மரத்தின் கிளையில் வேர் வரவைத்து வெட்டி எடுப்பது பதியன். வேரும் கிளையும் ஒரே ரகம் என்பதால் கீழ்த்தளிர் பற்றிய கவலையே இல்லை. காய்ப்பும் இரண்டு, மூன்று ஆண்டில் தொடங்கிவிடும். ஆணிவேர் இல்லாததுதான் குறை. சல்லிவேர்கள் மேலாகவே பரவுவதால் வெயில் காலத்தில் நீர் தவறினால் வாடும், முதல் இரண்டு ஆண்டு முட்டுக்கம்பு இல்லாவிட்டால் ஈரமண்ணில் காற்றுக்குச் சாயும். தொட்டிக்கு இது குறையே இல்லை, ஆணிவேருக்கு அங்கே இடமும் கிடையாது.

இதை வீட்டிலேயே செய்யலாம். பென்சில் முதல் பெருவிரல் வரை பருமனுள்ள, ஓராண்டு முதிர்ந்த கிளையில் 2.5 செ.மீ. அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரிக்க வேண்டும். உரித்த இடத்தின் வழுவழுப்பை கத்தியின் பின்புறத்தால் சுரண்டுவது கட்டாயம். வழுவழுப்பு மிஞ்சினால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. பதியன் தோற்பதற்கு முதல் காரணம் இதுதான். ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவையோ பாசியையோ கைப்பிடியளவு வைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, இரு முனைகளையும் நீர் போகாதபடி இறுக்கிக் கட்டுங்கள். கொய்யாவில் நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் தெரியும். வெள்ளை வேர் தெரிந்ததும் வெட்ட அவசரப்படாதீர்கள், அது பழுப்பேறிக் கிளைக்கட்டும். வளையத்துக்குக் கீழே பாதி வரை ஒரு வெட்டு, ஒரு வாரம் கழித்து மீதி. இலைகளில் பாதியைக் கழித்துவிட்டு, ஒரு மாதம் நிழலில் பையில் வைத்திருந்து அதன்பின் நடலாம். நேரே வெயிலில் நட்டால், அந்தச் சில வேர்களால் இலைகளுக்கு நீர் ஈடுகட்ட முடியாது.

மரத்துக்கு மரம்

மாவுக்கும் பலாவுக்கும் ஒட்டுதான் சரி. பலா ஒட்டு மூன்று, நான்கு ஆண்டில் காய்க்கும். சப்போட்டாவில் உலக்கைப் பாலை வேர்ச்செடியில் ஒட்டியதைக் கேட்டு வாங்குங்கள், அது வலுவாக நிற்கும். அந்த வேர்ச்செடி மெதுவாக வளர்வதால் கன்று சிறியதாகத் தெரியும், அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

கொய்யாவுக்குப் பதியன் நன்றாகவே போதும். மாதுளைக்குப் பதியனோ, நேரே மண்ணில் ஊன்றும் முற்றிய குச்சியோ, அத்திக்குக் குச்சியே. எலுமிச்சையில் தரையில் இடமிருந்தால் விதைக்கன்று: முள் அதிகம், முதல் காய்க்கு நான்கைந்து ஆண்டு, ஆனால் நீண்ட ஆயுள். தொட்டிக்கோ அவசரத்துக்கோ என்றால் பதியன். சீத்தா விதையில் ஓரளவு தாயைப் போலவே வரும், மூன்று, நான்கு ஆண்டில் காய்க்கவும் செய்யும். அதற்கு ஒட்டு தேடி அலைய வேண்டியதில்லை.

பப்பாளி விதைதான், ஆனால் ரகம் பார்க்க வேண்டும். ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகத்தில் நட்டதில் பாதி காய்க்காமல் போகலாம். பெண், இருபால் மரங்கள் மட்டுமே வரும் ரகமாக எடுத்தால் எல்லாம் காய்க்கும். எந்த ரகம் என்று தெரியாவிட்டால் ஒரு குழிக்கு மூன்று கன்று வைத்துப் பூ வரும்வரை விடுங்கள். நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூ ஆண். தண்டை ஒட்டிப் பெரிதாக மலர்வது பெண் அல்லது இருபால், அதில் நல்லதொன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தரைமட்டத்தில் வெட்டிவிடலாம். பிடுங்கினால் நிற்கும் கன்றின் வேரும் அறுந்துபோகும்.