ரங்கூன் கோயிலில் ஒரு சாமியாரின் நாட்குறிப்பு

போன டிசம்பரில் 11 நாள் ரங்கூனில் இருந்தேன். பிறந்த ஊர்தான், ஆனால் பினாங்குக்குக் குடிவந்து 22 வருடம் ஆகிவிட்டது. இந்தத் தடவை ஒரே ஒரு வேலை. தாத்தாவின் அக்கா 1942-ல், ஜப்பான் படையெடுப்புக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்து போன வழியில் இறந்தார். எங்கே, எப்படி என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதைத் தேடித்தான் போனேன்.

விசா இணையத்திலேயே கிடைத்தது. டாக்சிக்கும் குறையில்லை. மின்சாரம்தான் பெரும்பாடு, நாளில் பாதி நேரம் இருக்காது. ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பழைய கோயில் பதிவேடுகளைப் பார்க்க முதலில் போன அலுவலகத்தில் 3 நாள் அலைய விட்டார்கள். முதல் நாள் பொறுப்பாளர் இல்லை. இரண்டாம் நாள், என் பங்குத்தந்தையின், அதாவது என் தேவாலயப் பாதிரியாரின், கடிதம் வேண்டும் என்றார்கள். மின்னஞ்சலில் வரவழைத்துக் கொண்டுபோனால், மூன்றாம் நாள் முத்திரை சரியாகத் தெரியவில்லை என்றார்கள். என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டக் கூடாதா? விடுப்பை எண்ணி எண்ணி ஊருக்கு வருகிறவர்களுக்கு 3 நாள் என்பது பெரிய இழப்பு. நீங்கள் போவதாக இருந்தால், கடிதத்தை முத்திரையோடு அசலாகக் கையில் கொண்டுபோங்கள்.

அப்புறம் எங்கள் பழைய தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலுக்கே போனேன். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து நின்றபோது வயதான உபதேசியார் (மறைக்கல்வி சொல்லித் தருபவர்) ஒருவர், “ஏம்மா, நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்றார். தாத்தா பெயரைச் சொன்னேன். பிறகு எந்தக் கடிதமும் தேவைப்படவில்லை.

பதிவேடுகள் நன்றாகவே இருக்கின்றன. திருமுழுக்கையும் (ஞானஸ்நானம்) திருமணத்தையும் பதிந்து வைக்க வேண்டும் என்பது 1563-லேயே திரிதெந்து சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பேரவை போட்ட விதி. தாத்தாவின் திருமுழுக்கு, ஞானத்தாய் பெயர் எல்லாம் பத்து நிமிடத்தில் கிடைத்தன. ஆனால் இறப்புப் பதிவேட்டில் அவருடைய அக்கா இல்லை. இருக்கவும் முடியாது. அந்தக் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டவர்கள்தான் அதில் வருவார்கள், வழியில் விழுந்தவர்களை யார் பதிவது?

உபதேசியார் யோசித்துவிட்டு, “சாமியோட டைரி ஒண்ணு இருக்கு” என்றார். பங்குத்தந்தையிடம் அனுமதி வாங்கி, தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். போர்க்காலத்தில் அங்கே இருந்த பிரெஞ்சுச் சாமியார், அதாவது பாதிரியார், ஒருவர் எழுதியது.

பிரெஞ்சுக் குருக்களின் அமைப்பான பாரிஸ் அந்நிய மறைப்பணிக் கழகத்தார் 1856-ல் பர்மா மிஷனை ஏற்றார்கள். புதுச்சேரியும் அவர்களுடைய மிஷன்தான். 1966-ல், சுதந்திரத்துக்குப் பிறகு வந்திருந்த வெளிநாட்டுக் குருக்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அவர்களுடைய தாள்கள் எங்கெங்கே சிதறின என்று நினைத்தால் மனம் பதறுகிறது. கழகத்தின் ஆண்டறிக்கைகளையும் இறந்த குருக்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் பாரிஸ் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் படிக்கலாம். அவற்றைப் படித்துவிட்டுப் போவது நல்லது. ஆனால் ஆண்டறிக்கை என்பது மேலிடத்துக்கு எழுதுவது. எத்தனை திருமுழுக்கு, எத்தனை பள்ளி என்று கணக்கு இருக்கும். நாட்குறிப்பில் அன்றைக்கு யார் கதவைத் தட்டினார்கள் என்பது இருக்கிறது.

எழுத்து பொடி. என் பிரெஞ்சு பள்ளிக்கூடப் பிரெஞ்சு. தமிழ்ப் பெயர்களை அவர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார், வாய்விட்டுப் படித்தால்தான் ஆள் யாரென்று பிடிபடும். அவர் பார்வைக்கும் எல்லை உண்டு. பூசைக்கு வராதவர்கள், இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாம் பெயர் இல்லாத கூட்டமாகத்தான் வருகிறார்கள். பெண்களும் பெரும்பாலும் இன்னாரின் மனைவிதான். அதனால் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தேன்.

1941 டிசம்பர் 23, ரங்கூன்மேல் முதல் குண்டுவீச்சு. அன்றிலிருந்து வரிகள் சுருங்கிவிடுகின்றன. ஜனவரியிலிருந்து ஒரு பட்டியல் தொடங்குகிறது. புரோம் ஊர் வழியாக ஐராவதி ஆற்றைக் கடந்து, தாங்கூப் மலைக்கணவாய் ஏறி மேற்கே அரக்கான் கரைக்கு நடக்கப் புறப்பட்ட குடும்பங்கள் வீட்டுச் சாவியைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கின்றன. தேதி, வீட்டுக்காரர் பெயர், எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை சாவி. எங்கள் வீட்டிலிருந்து 5 பேர், சாவி 2.

1946-ல் தாத்தா திரும்பி வந்த நாளில் மூன்று வரி எழுதியிருக்கிறார். அக்கா கணவாய்க்கு முன்பே, மலையடிவாரத்தில், காலராவில் போய்விட்டார் என்று தாத்தா சொன்னாராம். மறுநாள் காலைப் பூசை அவருக்காக. என் தாத்தா இதை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை, சாமியாரிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

படம் எடுக்கப் பங்குத்தந்தை சம்மதிக்கவில்லை. மற்றக் குடும்பங்களின் சண்டை, கடன், குடி எல்லாம் அதில் இருக்கின்றன, பேரப்பிள்ளைகள் அதே தெருவில் வாழ்கிறார்கள் என்றார். அது நியாயம். எங்கள் வீட்டு வரிகளை மட்டும் கையால் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஆனால் ஓரங்களைக் கரையான் அரித்திருக்கிறது, இன்னும் சில மழைக்காலத்தை அது தாங்காது. ஸ்கேன் செய்து கோயில் பொறுப்பிலேயே பூட்டி வைத்தால் போதும், யாருக்கு எதைக் காட்டுவது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, சரி, மழைக்கு முன்னால் வாருங்கள் என்றார். மார்ச்சில் சின்ன ஸ்கேனர் ஒன்றும் பேட்டரியும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

சாவியைத் திரும்ப வாங்கியவர்களின் வரிக்கு நேரே சாமியார் சிறு கோடு போட்டிருக்கிறார். எங்கள் வரிக்கு நேரே இருக்கிறது. அதற்கு மேலே உள்ள 7 வரிகளுக்கு இல்லை.